இலவச விளையாட்டின் விலைப்பலகை

திருமழபாடியில் பங்குனி மாதம் என்றால் நந்தி கல்யாணம்தான். திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளைக் கோலத்தில் நந்தியெம்பெருமான் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருள, வைத்தியநாத சுவாமி கோயிலில் சுயசாம்பிகையுடன் திருமணம் நடைபெறும். 'நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம்' என்னும் சொலவடையை நம்பி, வரன் தேடும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரியலூர், தஞ்சை மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்து சேரும். பிறந்த ஊர் என்பதால், பணி ஓய்வுக்குப் பிறகு ஆண்டுதோறும் நானும் அங்கே போய்விடுகிறேன்.

என் சிறுவயதில் அந்தத் திருவிழாக் கூட்டத்தில் வளையம் வீசும் கடை ஒன்று இருக்கும். நாலணா கொடுத்தால் நான்கு வளையங்கள். சோப்புப் பெட்டி, பொம்மை, கைக்கடிகாரம் என்று வரிசையாக வைத்திருப்பார்கள். எதன்மீது வளையம் முழுமையாக விழுகிறதோ அது நமக்கு. கடிகாரம் வைத்திருந்த கட்டைக்குள் வளையம் இறங்குவதை நான் பார்த்ததேயில்லை. இருந்தாலும் அந்தக் கடையில் சில நேர்மைகள் இருந்தன. விலை எவ்வளவு என்று பலகையில் எழுதியிருந்தது. எத்தனை பேர் தோற்கிறார்கள் என்று சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தனர். கையிலிருந்த நாலணா தீர்ந்ததும் சிறுவன் வெளியே வந்தாக வேண்டும். விடையாற்றி முடிந்ததும் கடையே ஊரைவிட்டுப் போய்விடும்.

சென்ற முறை திருவிழாவுக்கு என்னுடன் வந்த பதினொரு வயதுப் பேரன், என் கைப்பேசியில் ஏதோ 'இலவச' விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். நானும் கவலைப்படவில்லை. ஊர் திரும்பிய பின் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது, மூன்று நாள்களில் ஒன்பது முறை பணம் போயிருந்தது. மொத்தம் 4,311 ரூபாய். மளிகைக் கடையில் நான் எண்ணை அழுத்துவதைப் பார்த்தே ரகசிய எண்ணைப் பேரன் மனத்தில் வைத்திருந்தான். தவறு என் கவனக்குறைவிலிருந்து தொடங்கியது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால், அவனை அழைத்துக் கேட்டபோது அழுதுகொண்டே சொன்ன பதில் என்னைத் தூங்கவிடவில்லை. "தாத்தா, நான் காசு செலவு பண்ணலை. வைரம்தான் செலவு பண்ணேன்!"

அவன் பொய் சொல்லவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் நுகர்வோர் கோட்பாடு நடத்தியவன் நான். விலை என்றால் என்னவென்றே தெரியாத ஒரு நுகர்வோரை எந்த வகுப்பிலும் நான் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியதில்லை. இணையவழி விளையாட்டுகளைப் பற்றி நம் நாட்டில் பத்தாண்டுகளாக நடந்துவரும் விவாதமும் இந்தச் சிறுவனை விட்டுவிட்டே நடந்திருக்கிறது.

திறமையா, அதிர்ஷ்டமா?

நம் சட்டங்கள் இதுவரை பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன: ஒரு விளையாட்டில் வெற்றியைத் தீர்மானிப்பது திறமையா, அதிர்ஷ்டமா? 1930-ஆம் ஆண்டின் சென்னை சூதாட்டச் சட்டமே திறமை சார்ந்த விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்தது. 1968-இல் ஆந்திர மாநிலம் தொடர்பான சத்தியநாராயணா வழக்கில், ரம்மி முதன்மையாகத் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1996-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்தது என்று தீர்ப்பாயிற்று. கைப்பேசி ரம்மி நிறுவனங்கள் பின்னாளில் பிடித்துக்கொண்ட தூண்கள் இவைதாம்.

லாட்டரிச் சீட்டை 2003-இல் தடை செய்த தமிழ்நாடு, இணையவழிச் சூதாட்டத்தையும் தடுக்க முனைந்தது. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்த பின்னணியில், 2020 நவம்பரில் அவசரச் சட்டமும் 2021-இல் திருத்தச் சட்டமும் வந்தன. திறமை விளையாட்டுகளையும் சேர்த்து ஒட்டுமொத்தமாகத் தடை செய்வது அளவுக்கு மீறியது என்று 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பின்னர் நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை அளித்தது. அதனடிப்படையில் அவ்வாண்டு அக்டோபரில் புதிய சட்டமுன்வடிவு நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பியனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளின் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. வயது, நேரம் போன்றவற்றை மாநிலம் ஒழுங்குபடுத்தலாம் என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றது.

அந்த வாசல் வழியாகத்தான் 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் விதிமுறைகள் வந்தன. 18 வயதுக்கு உட்பட்டோர் பணம் வைத்து ஆடக் கூடாது. நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது. தொடர்ந்து ஆடுபவருக்கு எச்சரிக்கை காட்டப்பட வேண்டும். நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விதிமுறைகளை உறுதி செய்தது.

அடுத்த சில வாரங்களில் மத்திய அரசு முழுப் பலகையையும் மாற்றிவிட்டது. 2025 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணப் பரிசை எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதைத் தடை செய்தது. மீறி வழங்குவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கும் தண்டனை உண்டு. ஆடுபவரை அது குற்றவாளி ஆக்கவில்லை. சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைப் பொறுத்தவரை, அரை நூற்றாண்டுக் கேள்விக்கு நாடாளுமன்றம் ஒரு விடை சொல்லிவிட்டது. ஆனால், என் பேரன் ஆடியது அந்த வகை ஆட்டமே அல்ல. அவன் பணத்தை வெல்ல ஆசைப்படவில்லை. தன் வீரனுக்கு ஒரு புதிய உடையும், ஒரு மாயப் பெட்டிக்குள் இருக்கக்கூடிய ஓர் அரிய வாளும்தான் அவனுக்கு வேண்டியிருந்தன. புதிய சட்டம் மின்னணு விளையாட்டுப் போட்டிகளையும், பந்தயம் இல்லாத 'சமூக விளையாட்டு'களையும் அங்கீகரித்து வளர்க்க விரும்புகிறது. அது சரியான நோக்கமே. சிக்கல் என்னவென்றால், பந்தயம் இல்லை என்பதாலேயே சுரண்டல் இல்லை என்று ஆகிவிடாது.

இலவசத்தின் பொருளியல்

மென்பொருளின் தனித்தன்மை, அதன் முதல் பிரதிக்குத்தான் பெருஞ்செலவு; இரண்டாவது பிரதியிலிருந்து செலவு ஏறக்குறைய இல்லை. ஆகவே ஒரு விளையாட்டைக் கோடிப் பேருக்கு இலவசமாகக் கொடுப்பது தயாளம் அன்று, கணக்குப் பிசகும் அன்று. அந்தக் கோடிப் பேரில் பெரும்பாலோர் கடைசிவரை ஒரு காசும் தரமாட்டார்கள். வருவாயின் பெரும்பகுதி மிகச் சிறிய எண்ணிக்கையிலான சிலரிடமிருந்தே வருகிறது. இத்தொழிலில் அவர்களைத் 'திமிங்கிலங்கள்' என்று அழைக்கிறார்கள். அந்தச் சொல்லே உறவின் தன்மையைக் காட்டிவிடுகிறது. காசு தராத கோடிப் பேரும் கடலாக இருந்தால்தான் திமிங்கிலம் நீந்தும்; யாரும் இல்லாத அரங்கில் அரிய வாளைக் காட்டி என்ன பயன்?

ஒரு பொருளுக்கு நாம் தரத் தயாராக இருக்கும் தொகைக்கும், உண்மையில் தரும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை 'நுகர்வோர் உபரி' என்று பாடப் புத்தகங்களில் படிக்கிறோம். ஆல்ஃபிரட் மார்ஷல் காலத்திலிருந்து வரும் கருத்து இது. சந்தையில் எல்லோருக்கும் ஒரே விலை இருப்பதால், அந்த உபரி வாங்குபவரிடமே தங்குகிறது. இலவச விளையாட்டோ, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனித்து, அவர் எப்போது தளர்வார், எத்தனை ரூபாய்வரை தருவார் என்பதைத் தொடர்ந்து அளக்க வல்லது. இருபது முறை தோற்றவருக்கு மட்டும் 'இன்னும் பத்து நிமிடமே இந்தச் சலுகை' என்று காட்ட முடியும். வளையக் கடைக்காரருக்குச் சிறுவனின் முகம் மட்டுமே தெரிந்தது. இந்தக் கடைக்காரருக்கு அவன் தயங்கும் நொடிகள்கூடத் தெரியும்.

இதில் மூன்று உத்திகளைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, இடைப்பட்ட நாணயம். ரூபாயை முதலில் வைரமாகவோ தங்கக் காசாகவோ மாற்றிவிட்டால், அதன்பின் செலவழிக்கும் ஒவ்வொரு முறையும் பணம் போகிற வலி தெரியாது. மூட்டைகள் பெரும்பாலும் வேண்டிய அளவில் கிடைப்பதில்லை. உடைக்கு 60 வைரம் என்றால் மூட்டையில் 50 அல்லது 100 இருக்கும். மிச்சம் எப்போதும் கையில் நிற்கும். அந்த மிச்சமே அடுத்த வாங்கலுக்குத் தூண்டில்.

இரண்டாவது, மாயப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவது. எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாத பரிசு, தவறாமல் கிடைக்கும் பரிசைவிட ஓர் உயிரை அதிக நேரம் கட்டிப்போடும் என்பதை உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வுகளின் அடிப்படையில் 1957-இலேயே எழுதிவிட்டனர். சூதாட்ட இயந்திரத்தின் இதயம் அதுதான். அந்த இதயம் அப்படியே குழந்தைகள் விளையாட்டுக்குள் இடம் மாற்றப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, இழப்பச்சம். நூறு ரூபாய் கிடைப்பதால் வரும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாய் இழப்பதால் வரும் துயரம் பெரிது என்பதை 1979-இல் கானமனும் டிவர்ஸ்கியும் விளக்கினர். 'தொடர்ந்து 28 நாள் வந்துவிட்டாய், இன்று வராவிட்டால் எல்லாம் போய்விடும்' என்று விளையாட்டு சொல்லும்போது, ஒரு பொருளியல் கோட்பாடு பதினொரு வயதுச் சிறுவன்மீது செலுத்தப்படுகிறது.

இவற்றுடன் சந்தையின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செயலிகளை விற்கும் பெருங்கடைகளான ஆப்பிளும் கூகுளும் அவற்றுள் நடக்கும் விற்பனையில் 30 விழுக்காடு வரை தரகு பெற்றுவந்துள்ளன. கடைத்தெருவின் காவலரே ஒவ்வொரு விற்பனையிலும் பங்காளியாக இருந்தால், வாடிக்கையாளரின் பணப்பையை யார் காப்பது?

வெண்பா காட்டும் மாற்று வழி

இதையெல்லாம் எழுதுவதால் கணினி விளையாட்டையே பகைப்பவன் என்று இளைஞர்கள் என்னை நினைத்துவிடக் கூடாது. இசை, ஓவியம், கதை, நிரல் ஆகிய நான்கும் சேரும் கலை அது. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா' என்ற விளையாட்டை என் மகள் எனக்குக் காட்டினாள். 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். சிதைந்துபோன பழைய சமையல் குறிப்பேட்டின் விடுபட்ட வரிகளை ஊகித்து, இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்க வேண்டும். அதனூடே மகனுக்கும் தாய்மொழிக்கும் இடையில் விழுகிற இடைவெளி விரிகிறது. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்கு வழங்கியது.

அந்த விளையாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. ஒருமுறை கொடுத்தால் போதும். ஓரிரு மணி நேரத்தில் கதை முடிந்துவிடுகிறது. வைரம் இல்லை, மாயப் பெட்டி இல்லை, நாளை வராவிட்டால் நஷ்டம் என்ற மிரட்டல் இல்லை. முடிந்ததும் மனத்தில் ஒரு கனம் மிஞ்சுகிறது. ஒரு நல்ல சிறுகதைத் தொகுப்பை வாங்கிப் படிப்பது போன்ற, இரு தரப்புக்கும் நியாயமான வணிகம் அது.

எனவே, ஒரு விளையாட்டைப் பற்றி நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'அது எப்படிச் சம்பாதிக்கிறது?' என்பதே. வியப்பு என்னவென்றால், 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்பே இந்தக் கேள்வியைத் தொட்டிருந்தது. ரம்மி திறமை ஆட்டம் என்று சொன்ன அதே நீதிமன்றம், பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றத்தின் உரிமையாளர் ஆதாயம் பெற்றால் அது குற்றமாகலாம் என்றும் சொல்லியிருந்தது. முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். இரண்டாம் பாதி தூசி படிந்து கிடந்தது. வள்ளுவரும் 'சூது' அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்தார். இது ஒழுக்கப் பிரச்சினை மட்டுமன்று, பொருளியல் பிரச்சினையும் நோய்ப் பிரச்சினையுமாகும் என்று அந்த வரிசையை நான் புரிந்துகொள்கிறேன்.

பிற நாடுகள் என்ன செய்தன?

சீனா 2017 மே முதல், மாயப் பெட்டியில் எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டும் என்று கட்டளையிட்டது. 2021-இல் 18 வயதுக்கு உட்பட்டோர் வாரத்துக்கு மூன்று மணி நேரமே இணையத்தில் விளையாடலாம் என்று வரையறுத்தது. இந்த இரண்டாவது நடவடிக்கை குடும்பத்தின் முடிவை அரசு எடுத்துக்கொள்வது என்பதால், எனக்கு அதில் உடன்பாடில்லை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில், சில புகழ்பெற்ற விளையாட்டுகளில் இருந்த பணம் கட்டித் திறக்கும் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானவை என்றது.

அமெரிக்காவில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ், ஒரே பொத்தானை அழுத்தினாலே வாங்கல் முடிந்துவிடும்படி குழப்பமாக வடிவமைத்தது, பெற்றோர் ஒப்புதலின்றிக் குழந்தைகளிடம் பணம் பெற்றது முதலான குற்றச்சாட்டுகளுக்காக, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித்தர 24.5 கோடி டாலர் செலுத்த 2022 டிசம்பரில் இசைந்தது. ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில், விளையாட்டுக்குள் விற்கப்படும் பொருளின் விலையை உண்மையான பணத்திலும் காட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை வெளியிட்டன.

நம்மிடமும் கருவிகள் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், போலி அவசரம் காட்டுதல், விலையைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்துதல், ஓயாமல் நச்சரித்தல் உள்ளிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டு அவற்றைத் தடுக்கிறது. அதே ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர்களது நடத்தையைக் கண்காணிப்பதையும் கட்டுப்படுத்துகிறது. இவற்றுக்கெல்லாம் மூத்தது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பதை 1903-இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் உறுதிப்படுத்தியது. ஒரு சிறுவன் நிலத்தை அடமானம் வைத்தால் செல்லாது. வைரம் வாங்கினால் மட்டும் செல்லுமா? பேரனின் விவகாரத்தில் நான் முறையிட்டபோது, விதிகளின்படி தொகையைத் திருப்பித் தர இயலாது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. மறுமொழி எழுதினேன். அதற்கும் அதே பதில் வந்தது.

நான்கு எளிய விதிகள்

தடை கேட்டு இக்கட்டுரையை நான் எழுதவில்லை. திருவிழாக் கடைக்கு இருந்த நேர்மையை கைப்பேசிக் கடைக்கும் கொண்டுவர நான்கு விதிகள் போதும் என்பது என் கருத்து.

முதலாவது, விளையாட்டுக்குள் விற்கும் ஒவ்வொன்றின் அருகிலும் ரூபாய் விலை தெரிய வேண்டும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தெரிய வேண்டும். இரண்டாவது, பெட்டிக்குள் என்ன கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வாங்கும் பொத்தானின் மேலேயே எழுத வேண்டும். சிறாருக்கான விளையாட்டுகளில் அத்தகைய பெட்டிகளே கூடாது. மூன்றாவது, வாங்கும் வசதி தொடக்கத்தில் மூடியிருக்க வேண்டும். வேண்டுபவர் திறந்துகொண்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். நான்காவது, சிறார் செய்த வாங்கல் என்று உரிய காலத்துக்குள் முறையிட்டால், செயலிக் கடையே பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பை ஏற்க வேண்டும். தரகு பெறுபவருக்குப் பொறுப்பும் உண்டு.

இவற்றால் தொழில் நசித்துவிடும் என்று சிலர் சொல்லலாம். விலையை எழுதி வைத்ததால் படுத்துவிடும் வணிகம், எழுதாமல் இருந்ததால் மட்டுமே நடந்துகொண்டிருந்தது என்றுதான் பொருள். நேர்மையாக ஒரு விலை சொல்லி, நல்ல கதையை விற்க விரும்பும் நம் இளம் படைப்பாளிகளுக்கு, இலவசத்தோடு போட்டியிட வேண்டியிருப்பதே இன்று பெரிய தடை. விலைப்பலகை அவர்களுக்கும் உதவும்.

சட்டம் வரும்வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. என் பேரனும் நானும் ஒரு தாளில் கணக்கு எழுதினோம். ஒரு வைரம் எத்தனை பைசா, அந்த உடை எத்தனை ரூபாய், அரிய வாளுக்காகத் திறந்த பெட்டிகள் எத்தனை என்று அவனே கூட்டினான். அந்த உடையின் விலை, தீபாவளிக்கு அவனுக்கு எடுத்த சட்டையின் விலையைவிட அதிகம் என்று தெரிந்தபோது, சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இதை ஏன் தாத்தா அவங்களே எழுதி வைக்கலை?" என்று கேட்டான்.

முப்பத்து நான்கு ஆண்டுகளில் எந்த மாணவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் விளையாட்டை விற்பவர்களும், அவர்களை மேற்பார்வையிடும் அரசும்தான்.